தூரம் கணக்கில் இல்லை

1

யதார்த்தம் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் எழுதப்பட்டவற்றை அடுக்கினால் ஓர் அலமாரி நிறையும். இவ்வளவு எழுதியும், ஒரு படைப்பில் யதார்த்தம் எத்தனை சதவீதம் என்று கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. 2005-ல் யூபிசாஃப்ட் வெளியிட்ட, ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் உருவான, ‘சைலண்ட் ஹண்டர் 3’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு அதைத் தயங்காமல் சொல்லிவிடுகிறது. இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றுக்கு ஆடுகிறவன் தலைவன். புறப்படுமுன் அவன் முன் ஒரு பட்டியல் வைக்கப்படுகிறது. டார்பிடோக்கள் சில சமயம் வெடிக்காமல் போகலாமா? மின்கலம் தீரலாமா? பிராணவாயு குறையலாமா? கப்பலை வெளியிலிருந்து பார்க்கும் வசதியை விட்டுவிடலாமா? வரைபடத்தில் எதிரியின் இடம் தானாகக் குறிக்கப்படுவதை நிறுத்திவிடலாமா? குறிபார்க்கும் கணக்கை ஆயுத அதிகாரியிடம் விடாமல் தானே போடுவதா? சம்மதம் தெரிவிக்கத் தெரிவிக்க எண் ஏறுகிறது. எல்லாவற்றுக்கும் சம்மதித்தால் நூறு சதவீத யதார்த்தம்.

சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஆனால் பட்டியலை இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு நின்றது. அதில் இருக்கும் ஒவ்வொன்றும் ஆடுகிறவனிடமிருந்து எதையோ பறித்துக்கொள்வது. ஒரு கண், ஓர் உதவியாள், ஒரு நிச்சயம். யதார்த்தம் என்றால் விவரங்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவது என்று நினைத்து எழுதப்பட்ட எத்தனையோ நாவல்களை நாம் படித்திருக்கிறோம். தெருவின் பெயர், கடையின் பெயர், சாப்பிட்ட பதார்த்தத்தின் பெயர் எல்லாம் இருக்கும். ஆசிரியனுக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருக்கும். ஒரு மனிதன் எந்த இடத்திலிருந்து, எவ்வளவு குறைவாக, உலகத்தைப் பார்க்கிறானோ அந்தக் குறைவுதான் யதார்த்தம் என்பது அந்த நாவலாசிரியர்களுக்குத் தெரியாதது. இந்த விளையாட்டைச் செய்தவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

விளையாட்டுக்கு விமர்சனமா என்ற கேள்வி எழும். சினிமாவைப் பற்றி எழுதியபோதும் இதே கேள்வி எழுந்ததை நினைவுபடுத்துவது போதும் என்று நினைக்கிறேன். மேலும் இது நேற்று முளைத்ததல்ல. பெரிஸ்கோப் வழியாகப் பார்த்து, நகரும் கப்பலுக்கு முன்னால் குறிவைத்துச் சுடும் விளையாட்டு யந்திரங்களை 1966-ல் சேகாவும் 1976-ல் மிட்வேயும் கடைத்தெருக்களில் நிறுத்தின. 1985-ல் மைக்ரோபுரோஸின் ‘சைலண்ட் சர்வீஸ்’ பசிபிக் கடலின் அமெரிக்க நீர்மூழ்கியை வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது. 1994-ல் ‘ஏசஸ் ஆஃப் தி டீப்’ அட்லாண்டிக்குக்குப் போனது. அரை நூற்றாண்டாகத் தொடர்ந்து ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்துபார்க்கும் ஒரு வடிவம், ஏதோ ஒரு தேவையைத் தீர்த்துவைக்கிறது. என்ன தேவை என்று பார்ப்பது விமர்சனத்தின் வேலைதான்.

2

செயல் மிக எளியது. ஒரு கப்பல் போய்க்கொண்டிருக்கிறது. அது இப்போது இருக்கும் இடத்தில் டார்பிடோவை விட்டால், டார்பிடோ போய்ச் சேரும்போது கப்பல் அங்கே இராது. ஆகவே இல்லாத இடத்தைக் குறிவைக்க வேண்டும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கப்பலின் வேகம், அது போகும் திசை, அது இருக்கும் தூரம் ஆகியவை தெரிய வேண்டும். மூன்றில் ஒன்றையும் யாரும் சொல்லித்தரமாட்டார்கள்.

பெரிஸ்கோப்பை உயர்த்தி ஒரு கணம் பார்க்கலாம். நீண்டநேரம் உயர்த்தி வைத்தால் காவல்கப்பல் கண்டுகொள்ளும். அந்தக் கணத்தில் கப்பலின் உருவத்தை மனதில் வாங்கி, இறக்கிவிட்டு, அடையாளப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். பாய்மரக்கம்பங்கள் எத்தனை, புகைபோக்கி நடுவிலா பின்னாலா, மேற்தளம் எங்கே உடைகிறது என்று பார்த்து, இன்ன வகைக் கப்பல் என்று தீர்மானிக்க வேண்டும். வகை தெரிந்தால் நீளமும் கம்பத்தின் உயரமும் புத்தகத்தில் இருக்கும். கம்பத்தின் உயரத்திலிருந்து தூரம் கிடைக்கும். நீளத்திலிருந்து வேகம் கிடைக்கும். பெரிஸ்கோப்பின் செங்குத்துக் கோட்டை அசையாமல் வைத்துக்கொண்டு, கப்பலின் அணியம் கோட்டைத் தொடும்போது கடிகாரத்தை ஓடவிட்டு, பின்புறம் தாண்டும்போது நிறுத்த வேண்டும். 120 மீட்டர் நீளமுள்ள கப்பல் 30 விநாடியில் தாண்டினால் விநாடிக்கு 4 மீட்டர். ஏறக்குறைய 8 நாட் வேகம். திசையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். நம்மை நோக்கியிருக்கும் கோட்டுக்கும் கப்பலின் அணியத்துக்கும் இடையிலுள்ள கோணத்தைக் கண்ணாலேயே மதிப்பிட வேண்டும். முப்பது பாகையா நாற்பது பாகையா என்பது ஒரு ஊகம், பழக்கம், கொஞ்சம் துணிச்சல்.

இவ்வளவுக்கும் மணிக்கணக்கில் நேரமாகும். ஒரு கப்பலின் போக்கைத் தெரிந்துகொண்டு, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வளைந்து சுற்றி, அதற்கு முன்னால் போய்க் காத்திருக்க ஒரு பகல் முழுவதும் ஆகலாம். இந்தக் காத்திருப்புதான் விளையாட்டின் உண்மையான உள்ளடக்கம். வெடிப்பு சில விநாடி. மற்றதெல்லாம் சாம்பல் நிறக் கடல், எஞ்சின் ஒலி, வரைபடத்தில் பென்சிலால் இழுக்கும் கோடு. ஆனால் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் காலம் ஆயிரம் மடங்கு வேகமாக ஓடும். காத்திருப்பை வடிவத்தின் மையமாக வைத்தவர்களே அதைத் தாண்டிப்போகும் குறுக்குவழியையும் தந்துவிட்டார்கள். இதைச் சமரசம் என்று சொல்லலாம். சதவீதப் பட்டியலில் இந்தப் பொத்தானுக்கு இடமில்லை என்பது கவனிக்கத்தக்கது. வெடிக்காத டார்பிடோ யதார்த்தத்தில் சேர்கிறது. பன்னிரண்டு மணி நேரச் சலிப்பு சேர்வதில்லை. நம் நாவல்களிலும் இதே நிலைதான் என்று ஒருவர் சொன்னால் மறுக்கமாட்டேன்.

வெடிக்காத டார்பிடோவைப் பற்றி ஒரு வார்த்தை. அது கற்பனையல்ல. 1939 அக்டோபர் 30-ல் யூ-56 என்ற நீர்மூழ்கியின் டார்பிடோக்கள் பிரிட்டிஷ் போர்க்கப்பல் நெல்சனின் பக்கத்தில் மோதி, வெடிக்காமல் போயின. 1940 ஏப்ரலில் நார்வேயின் கரையோரத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகளின் தாக்குதல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இப்படியே வீணாயின. கப்பலின் அடிக்கட்டைக்குக் கீழே போய், அதன் காந்தப்புலத்தால் வெடிக்க வேண்டிய விசை முன்னதாகவே வெடித்தது, அல்லது வெடிக்கவேயில்லை. டார்பிடோக்கள் வைத்த ஆழத்தைவிடக் கீழே ஓடின. நீர்மூழ்கிக்குள் ஏறும் காற்றழுத்தம் டார்பிடோவின் ஆழம்காக்கும் அறைக்குள் கசிந்துவிடுகிறது என்ற காரணம் தெரிய 1942 ஆயிற்று. கணக்கு முழுவதும் சரியாக இருந்தும் ஒன்றும் நிகழாமல் போகும் அந்தக் கணத்தை விளையாட்டில் அனுபவிக்கும்போது, இத்தனை துல்லியத்துக்கும் அடியில் ஒரு கசிவு இருக்கிறது என்ற பிரக்ஞை ஏற்படுகிறது. விளையாட்டின் சிறந்த கணம் அது.

3

தேர்ந்தவர்கள் கணக்கைச் சுருக்கிக்கொள்கிறார்கள். அந்தச் சுருக்கத்தில்தான் என் கட்டுரையின் விஷயம் இருக்கிறது.

கப்பல் போகும் பாதை தெரிந்துவிட்டால், அந்தப் பாதைக்கு நேர் செங்குத்தாகத் தன் படகைத் திருப்பிக்கொண்டு அசையாமல் நின்றுவிடுவார்கள். டார்பிடோ நேராக ஓடும், திரும்ப வேண்டியதில்லை. இப்போது எப்போது விடுவது என்பது ஒன்றே கேள்வி. கப்பல் 8 நாட் வேகத்தில் வருகிறது. டார்பிடோ மின்சாரத்தில் ஓடுவது. நீரில் தடம் விடாதது. வேகம் 30 நாட். எட்டுக்கு முப்பது என்ற விகிதத்துக்குரிய கோணம் ஏறக்குறைய 15 பாகை. நமக்கு நேராக வருவதற்கு 15 பாகை முன்னால் கப்பல் இருக்கும்போது விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். காற்றழுத்தத்தில் 44 நாட் வேகத்தில் ஓடும் டார்பிடோவானால் 10 பாகை.

தூரம் என்னவாயிற்று? அது இரண்டு பக்கமும் வந்து அடிபட்டுப்போகிறது. தூரம் இரட்டித்தால் டார்பிடோ ஓடும் நேரமும் இரட்டிக்கும், அந்த நேரத்தில் கப்பல் நகரும் தொலைவும் இரட்டிக்கும், கோணம் மாறாது. கப்பல் ஐந்நூறு மீட்டரில் இருந்தால் என்ன, மூவாயிரம் மீட்டரில் இருந்தால் என்ன, பதினைந்து பாகை பதினைந்து பாகைதான். அதன் எளிமையில் ஓர் அழகு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதன்முறை இதைப் புரிந்துகொண்ட இரவு எனக்கு ஏற்பட்ட சந்தோஷம், ஒரு கவிதையில் வேண்டாத சொல் ஒன்றைக் கண்டுபிடித்து அடித்தபோது ஏற்படும் சந்தோஷத்துக்கு மிக நெருங்கியது. தேவையற்றது போயிற்று. உருவம் மிஞ்சிற்று.

இந்தச் சந்தோஷத்தைத்தான் நான் சந்தேகிக்க விரும்புகிறேன்.

கணக்கை இன்னும் ஒரு படி தொடர்ந்து போட்டுப்பார்க்கலாம். அடையாளப் புத்தகத்தில் கப்பலைத் தவறாகப் பார்த்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். 120 மீட்டர் என்று எடுத்துக்கொண்டது உண்மையில் 135 மீட்டர் கப்பல். அப்போது அதன் வேகம் விநாடிக்கு நாலரை மீட்டர்; நாம் நினைத்ததைவிட ஒரு நாட் அதிகம். ஒரு நாட் பிழை 600 மீட்டரில் 20 மீட்டர் விலகலாகும். நடுவில் பட வேண்டியது கொஞ்சம் பின்னால் படும், பட்டுவிடும். 3,000 மீட்டரில் அதே பிழை 100 மீட்டர் விலகல். டார்பிடோ கப்பலுக்குப் பின்னால் வெறும் நீரில் போகும். தூரத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டோம் என்று நினைத்தோம். அது போகவில்லை, பிழைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எதிரில் இருப்பதை வேறொன்று என்று எடுத்துக்கொண்ட தவறு, பக்கத்தில் இருக்கும்போது மன்னிக்கப்படுகிறது, தூரத்தில் பெருகுகிறது.

ஓட்டோ கிரெட்ஷ்மர் என்ற நீர்மூழ்கித் தலைவனுக்கு இது தெரிந்திருந்தது. அவன் தன் யூ-99-ஐ இரவில், நீருக்கு மேலே, கப்பல் தொடரின் வரிசைகளுக்கு நடுவிலேயே ஓட்டிக்கொண்டு போய், ஒரு கப்பலுக்கு ஒரு டார்பிடோ என்று கிட்டத்திலிருந்து விட்டான். வெளியில் தொலைவில் நின்று விசிறிபோல் பல டார்பிடோக்களைப் பரப்பி விடுவது மற்ற முறை. 1941 மார்ச் 17-ல் அவன் பிடிபட்டான். விளையாட்டில் இரண்டு முறையும் சாத்தியம். நெருங்கிப் போகிறவன் துல்லியத்துக்காகப் போகிறான், பார்ப்பதற்காகப் போகவில்லை. அவ்வளவு அருகில் போயும் அவன் பார்ப்பது புகைபோக்கியையும் கம்பத்தையும்தான்.

4

1940 செப்டம்பர் 17 இரவு, வட அட்லாண்டிக்கில், யூ-48 ஒரு கப்பல் தொடரைத் தொடர்ந்துவந்தது. தலைவன் ஹைன்ரிஹ் பிளைக்ரோட். தொடரில் பெரிய கப்பலைக் குறிவைத்து இரண்டு டார்பிடோக்களை விட்டான். இரண்டும் தவறின. மீண்டும் ஒன்று விட்டான். அது பட்டது. கப்பலின் பெயர் சிட்டி ஆஃப் பெனாரஸ்; 11,000 டன். குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 குழந்தைகள் அரசின் திட்டத்தில் அதில் இருந்தார்கள். 77 பேர் இறந்தார்கள். குழந்தைகள் இருப்பது பிளைக்ரோட்டுக்குத் தெரியாது என்பதே பொதுவான முடிவு. பெரிஸ்கோப்பில் அது தெரிய வழியில்லை.

குழந்தைகளைப் பற்றி ஐரோப்பாவில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது, எழுதப்பட வேண்டியதுதான். காசியின் பெயரைத் தாங்கிய அந்தக் கப்பலில் மாலுமிகளாகப் பெரும்பான்மையோர் இந்தியர்கள். லஸ்கர் என்று பெயர். எட்டு நாள் கடலில் மிதந்து மீட்கப்பட்ட பன்னிரண்டாம் எண் உயிர்காப்புப் படகில் 46 பேர் இருந்தார்கள். ஆறு சிறுவர்கள், அவர்களைப் பார்த்துக்கொண்ட மேரி கார்னிஷ் என்ற பெண், இன்னும் சிலர். மற்றப் பெரும்பகுதி லஸ்கர்கள். அந்தப் போரில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் இந்திய மாலுமிகள் பல்லாயிரம் பேர் இருந்தார்கள். சில்ஹெட், சிட்டகாங், பஞ்சாப், கொங்கணம், கோவா என்று பல பகுதிகளிலிருந்து வந்தவர்கள். வெள்ளை மாலுமிக்குக் கொடுத்ததில் சிறு பங்குதான் கூலி. கடலில் மறைந்தவர்களில் 6,000க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் பம்பாயிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவேடுகளில் இருக்கின்றன.

அவர்களில் பலருக்கு வேலை கொதிகலன் அறையில். நிலக்கரி தள்ளுவது. அது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் அறை. கப்பல் உடனே நின்றுபோக வேண்டுமானால் எஞ்சின் அறைக்குக் குறிவை என்பது இந்த விளையாட்டில் தேர்ந்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் பாடம். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். மனிதர்கள் எங்கே நின்றுகொண்டிருக்கிறார்களோ அந்த இடத்தை, அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற நினைவே இல்லாமல், பாகையும் ஆழமுமாகக் கற்றுக்கொண்டேன்.

இதைச் சொல்வதால் விளையாட்டைத் தடைசெய்ய வேண்டும் என்றோ, ஆடுகிறவர்கள் கொடியவர்கள் என்றோ சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வகைத் தர்மாவேசத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. நான் கேட்பது வடிவத்தைப் பற்றிய கேள்வி. பார்வையைக் குறுக்குவதுதான் யதார்த்தம் என்று இந்த விளையாட்டு கண்டுகொண்டது. ஆனால் பார்வை குறுகியிருக்கிறது என்பதை ஆடுகிறவன் உணரும்படி செய்கிறதா? டார்பிடோ வெடிக்காதபோது செய்கிறது. வெடிக்கும்போது செய்வதில்லை. தோல்வியில் தன் அறியாமை தெரிகிறது; வெற்றியில் அது மறைந்துவிடுகிறது. வெற்றியில் குறிப்பேட்டில் ஒரு வரி ஏறுகிறது: நேரம், இடம், கப்பலின் வகை, டன்.

5

இந்தக் குறையை ஆடுகிறவர்களே உணர்ந்திருக்கிறார்கள் என்பது முக்கியம். ‘எஸ்.எச்.3 கமாண்டர்’ என்று ஒரு துணைநிரலை ரசிகர்களில் ஒருவர் செய்து இலவசமாகக் கொடுத்தார். அதைச் சேர்த்துக்கொண்டால், மூழ்கிய கப்பலுக்கு ஒரு பெயர் வருகிறது. என்ன சரக்கு என்று வருகிறது. மாலுமிகள் இத்தனை பேர், இறந்தவர்கள் இத்தனை பேர் என்று வருகிறது. முதல்முறை அந்த வரியைப் படித்தபோது கை நின்றுபோனது உண்மை. பத்தாவது முறை நிற்கவில்லை. ஏனென்றால் அந்த எண் எங்கிருந்தும் வரவில்லை. பகடை உருட்டிக் கிடைத்தது. டார்பிடோ எங்கே பட்டது, கப்பல் மூழ்க எவ்வளவு நேரமாயிற்று, கடல் எப்படியிருந்தது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டன்னுக்குப் பக்கத்தில் இன்னொரு எண். இரக்கத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கியாயிற்று.

கதையின் கடைசியில் ஒரு பிச்சைக்காரியைக் கொண்டுவந்து நிறுத்தும் எழுத்தாளனை நமக்குத் தெரியும். கதைக்குள்ளிருந்து அவள் வந்திருக்கமாட்டாள். மனிதாபிமானம் குறைகிறதே என்று ஆசிரியன் கடைசி நிமிஷத்தில் பகடை உருட்டியிருப்பான். அந்த வரியைவிட அது இல்லாத மொட்டைக் குறிப்பேடே நேர்மையானது என்பது என் முடிவு. மொட்டைக் குறிப்பேடு தான் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லவில்லை.

அப்படியானால் வேறு எது சாத்தியம்? இந்த விளையாட்டின் மேல் ஒரு படத்தின் நிழல் தெளிவாக விழுந்திருக்கிறது. 1941-ல் யூ-96-ல் போர்ச் செய்தியாளனாகப் போய்வந்த லோதர்-குந்தர் பூக்ஹைம் 1973-ல் ‘தாஸ் பூட்’ என்ற நாவலை எழுதினார். 1981-ல் வோல்ஃப்காங் பீட்டர்சன் அதைப் படமாக்கினார். அந்தப் படத்தின் குறுகிய இரும்புக் குடல், சிவந்த விளக்கு, ஆழத்தில் முனகும் சட்டங்கள் எல்லாம் விளையாட்டில் மீண்டும் கிடைக்கின்றன. ஒன்று கிடைப்பதில்லை. டார்பிடோ பட்டு மணிக்கணக்காக எரிந்துகொண்டிருக்கும் எண்ணெய்க் கப்பலை நெருங்கி, முடித்துவிடுவதற்காக இன்னொன்று விட்டபின், அதில் இன்னும் ஆட்கள் இருப்பதைத் தலைவன் பார்க்கிறான். அவர்கள் நீந்தி வருகிறார்கள். ஏற்றிக்கொள்ள இடமில்லை. படகைப் பின்னால் எடுக்கச் சொல்கிறான். படம் அவனை மன்னிக்கவில்லை, தண்டிக்கவுமில்லை. இவ்வளவு நேரமும் அவனோடு அந்த ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த நம்மை, பார்க்காததன் முன்னால் நிறுத்துகிறது. பார்வை எங்கே குறுகியிருந்தது என்பது அப்போது உறைக்கிறது.

விளையாட்டு உட்புறத்தை எடுத்துக்கொண்டது. அந்தக் காட்சியை விட்டுவிட்டது. விட்டதற்குக் காரணம் வடிவத்திலேயே இருக்கிறது. படத்தில் தலைவன் ஏதோ ஒன்றைச் செய்யாமல் விடுகிறான். விளையாட்டில், செய்வதற்கு ஒரு பொத்தான் இருந்தால்தான் செய்யாமல் விடுவது என்பதற்குப் பொருள். காப்பாற்றுவதற்கு இங்கே பொத்தான் இல்லை. ஆகவே கைவிடுவது என்ற செயலும் இல்லை.

சரித்திரத்தில் அந்தப் பொத்தான் இருந்தது, பிறகுதான் எடுக்கப்பட்டது. 1942 செப்டம்பர் 12-ல் யூ-156-ன் தலைவன் வெர்னர் ஹார்ட்டன்ஷ்டைன் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் லக்கோனியா என்ற கப்பலை மூழ்கடித்தான். நீரில் இத்தாலிய மொழியில் கூச்சல் கேட்டது. கப்பலில் 1,800 அளவில் இத்தாலியக் கைதிகள் இருந்தார்கள். அவன் மிதந்தவர்களை, இத்தாலியர் பிரிட்டிஷார் என்று பாராமல், ஏற்றிக்கொண்டான். உதவி கேட்டு எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபரப்பினான். செப்டம்பர் 16-ல், செஞ்சிலுவைக் கொடி விரித்திருந்த அந்தப் படகின்மேல் ஓர் அமெரிக்க விமானம் குண்டு போட்டது. மறுநாள் தளபதி டோனிட்ஸ், மூழ்கிய கப்பலின் ஆட்களைக் காப்பாற்றும் முயற்சி எதுவும் கூடாது என்று உத்தரவிட்டான். பார்க்காமல் இருப்பது அன்றுமுதல் விதியாயிற்று. விளையாட்டு 1939-லேயே தொடங்குகிறது. ஆனால் 1942-ன் அந்த உத்தரவு முதல் நாளிலிருந்தே அமலில் இருக்கிறது. யாரும் பிறப்பிக்காத உத்தரவு. அதனால் மீற முடியாதது.

டோனிட்ஸின் ஆட்களும் தப்பவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 1943 மே மாதத்தில் மட்டும் 40க்கு மேற்பட்ட நீர்மூழ்கிகள் போயின. நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 பேரில் நாலில் மூவர் திரும்பவில்லை. விளையாட்டு இதை நன்றாகவே உணர்த்துகிறது. 1943க்குப் பின் ஆடிப்பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் சாவு அதற்குத் தெரிகிறது.

6

இதெல்லாம் யாரோ ஐரோப்பியர்களின் கடலும் கப்பலும் என்று விட்டுவிடலாம். என்னால் விட முடியாததற்குக் காரணம் அந்தப் பதினைந்து பாகை.

எலியட் 1919-ல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு, கவிஞன் தன் உணர்ச்சியிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்பது உலகமெங்கும் நவீனத்துவத்தின் பால பாடமாயிற்று. நாமும் படித்தோம். அது நமக்குத் தேவையாகவும் இருந்தது. கண்ணீரும் கம்பீரமுமாக ஓடிக்கொண்டிருந்த கவிதையை நிறுத்தி, சொல்லை எண்ணி வைக்கச் சொல்லிக்கொடுத்தது அந்த விலகல்தான். அதை நான் இன்றும் மறுக்கத் தயாரில்லை. ஆனால் விலகல் நாளடைவில் ஒரு செளகரியமான சுருக்கமாகிவிட்டது. எழுதுகிறவனுக்கும் எழுதப்படும் விஷயத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்ற கேள்வியே எழாதபடி, நேர் செங்குத்தாக நின்றுகொண்டு, கோணம் வந்ததும் வார்த்தையை விட்டுவிடும் கவிதைகள் வந்தன, இன்றும் வருகின்றன. பிணம், பஞ்சம், கலவரம், எதுவானாலும் பதினைந்து பாகை. எட்டு வரி. கடைசி வரியில் வெடிப்பு. நான் எழுதியவற்றிலும் இப்படிச் சில உண்டு. பாராட்டப்பட்டவை அவைதான்.

அந்தக் கவிதைகளில் தூரம் இல்லாமல் போகவில்லை. பிழைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. 120 மீட்டர் என்று எடுத்துக்கொண்டது 135 மீட்டர். பக்கத்து வீட்டுச் சாவானால் அந்தத் தவறு தெரியாது, எப்படியோ பட்டுவிடும். நமக்குத் தெரியாத ஊரில், தெரியாத மனிதனின் சாவைப் பற்றி எழுதும்போது அது நூறு மீட்டர் தள்ளிப்போகிறது. வார்த்தை வெறும் நீரில் ஓடுகிறது. நாம் அதைக் கவனிப்பதில்லை. ஏனென்றால் நம் குறிப்பேட்டில் தவறியவற்றுக்கு வரியில்லை.

விலகலை விட்டுவிட்டு மீண்டும் கண்ணீருக்குப் போ என்று இதற்கு அர்த்தமில்லை. பகடை உருட்டிய இரக்கத்தைவிட மொட்டைக் குறிப்பேடு மேல் என்று முன்பே சொன்னேன். எவ்வளவு தூரத்திலிருந்து எழுதுகிறோம் என்பது எழுதியதற்குள் எங்காவது தெரிய வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. பெரிஸ்கோப் வழியாகப் பார்க்கிறவன், தான் பெரிஸ்கோப் வழியாகப் பார்க்கிறேன் என்று ஒரு கணமாவது அறிந்திருக்க வேண்டும். ‘சைலண்ட் ஹண்டர் 3’ அந்த அறிவுக்கு மிக அருகில், டார்பிடோ வெடிக்காத கணம்வரை, வருகிறது. வெடித்துவிட்டால் திரும்பிக்கொள்கிறது. இவ்வளவு அருகில் வந்த வடிவம் வேறு எதையும் சமீபத்தில் நான் பார்க்கவில்லை. அதன் தோல்வியைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியதற்குக் காரணமும் அதுதான்.

போன வாரம் மீண்டும் ஆடினேன். ஒரு சரக்குக் கப்பல், தனியாக, 8 நாட். செங்குத்தாக நின்றேன். பதினைந்து பாகையில் விட்டேன். பட்டது. எஞ்சின் அறை. குறிப்பேட்டில் வரி ஏறியது. காலத்தை வேகப்படுத்தும் பொத்தானை அழுத்தாமல் கப்பல் மூழ்கும்வரை பெரிஸ்கோப்பை உயர்த்தியே வைத்திருந்தேன். நீண்டநேரம் ஆயிற்று. ஒன்றும் தெரியவில்லை.